ரெண்டு அட்டை மந்து

விழிஞ்ஞம்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய கோமதிநாயகம் மாமாவுக்கு, பிரவின்ராஜ் எழுதுவது.

எங்களைக் கடிக்கிற கொசுவை வளர்ப்பவர் நீங்கள். அத்தை சுகமா? வள்ளியூரில் மழை உண்டா?

வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டேன், நீல டிக் மட்டும் வந்தது. அதனால்தான் தபால். மேஸ்திரியான நீங்கள் எங்கள் பதினாலு பேரைத் தங்கவைத்திருக்கும் தகரக் கொட்டகைக்குப் பின்னால், கக்கூஸ் தொட்டிக்கு மூடி இல்லை. உங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அடித்த ஃபிளெக்ஸைப் போர்த்தியிருக்கிறோம். அதில் உங்கள் வாய் இருந்த இடம் கிழிந்துவிட்டது. சாயங்காலமானால் கொசு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

போன வாரம் சுகாதாரப் பணியாளர் ஸ்மிதா நோட்டோடு வந்தார். "இவிடெ ஆர்க்கெங்கிலும் மந்து உண்டோ?" என்றார். யாருக்காவது இருக்கிறதா என்பது புரிந்தது; என் மூன்று மாத மலையாளத்துக்கு மந்து மட்டும் மருந்து என்று காதில் விழுந்தது. காய்ச்சல் மாத்திரையை நினைத்துக்கொண்டு, "உண்டு சேச்சி, ரெண்டு அட்டை இருக்கு" என்றேன்.

"எவிடந்நு கிட்டி?"

"ஊர்லேர்ந்து வரும்போதே கொண்டாந்துட்டேன். இங்க எல்லாருக்கும் குடுத்திருக்கேன்."

"ஈஸ்வரா!" என்று இரண்டடி பின்னால் போய் எழுதிக்கொண்டார். அடுத்து அழகியநம்பி. அவன் வலது பாதம் வீங்கி, செருப்பு வாரை அறுத்துத்தான் போடுகிறான். அன்று லுங்கி மறைத்துவிட்டது. அவனும் மருந்து என்றே நினைத்து, "இருந்துச்சுக்கா, தீந்துபோச்சு" என்றான். "தீந்நோ? நன்னாயி!" என்று அவன் பெயரை அடித்துவிட்டார்.

மந்து என்றால் யானைக்கால் என்பது மறுநாள் சூப்பர்வைசர் ஆனந்தகிருஷ்ணன் என்னைக் கட்டட வேலைக்கு விடாமல் வாசல் கேட்டிலேயே நிறுத்தியபோதுதான் தெரிந்தது. தொட்டா ஒட்டாது சார், கொசு கடிச்சாத்தான் வரும்னு சொன்னேன், "நீயல்லே எல்லார்க்கும் கொடுத்தது?"ன்னு கேட்டார், நல்ல கால் உள்ளவன் கொட்டகையில உக்காந்து கொசு அடிக்கேன், அந்தக் காலை வச்சுக்கிட்டு நம்பி சிமென்ட் மூட்டையோட மூணாவது மாடி ஏறுதான், ஆஸ்பத்திரிக்கு வாலேன்னா என் கதியைப் பார்த்துட்டு வரமாட்டேங்கான்.

நீங்கள் வந்து எனக்கு நோய் இல்லை என்று சொல்ல வேண்டும். நம்பியை வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும். தொட்டிக்கு ஸ்லாப் போட வேண்டும்.

அத்தைக்கு வணக்கம். புதுவீட்டு சன்னல் வலை கிழியாமல் எல்லாரும் நூறு வயது இருங்கள்.

நோயில்லாத மருமகன்,
பிரவின்ராஜ்

பின்குறிப்பு: "நோயில்லாத" என்பதை அடித்துவிடுங்கள். சான்று வாங்கலாமென்று இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புழு இருக்கிறது. கால் வீங்க வருஷக்கணக்காகுமாம். மூன்று மாதத்தில் வந்ததாக இருக்காது, அதற்கு முன் எங்கே இருந்தாய் என்று டாக்டர் கேட்டார். நாகர்கோவிலில், உங்கள் கொட்டகையில், இரண்டு வருஷம். அங்கேயும் மூடி கிடையாது. மாத்திரை தந்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை நாள் என்னைக் கடித்த கொசுதான் மற்ற பதிமூன்று பேரையும் கடித்திருக்கிறது. ஸ்மிதா சேச்சியிடம் நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

மாமா, மூடி எப்போது வரும்?