சுருட்டையை விலக்கிய ஏழாம் பாகம்

மதிப்பிற்குரிய சிறுவர் நூல் பதிப்பாசிரியர் அவர்களுக்குப் பூட்டு சாவிக் கடைக்காரர் எழுதிக்கொள்வது.

நீங்கள் வெளியிடும் 'நால்வர் அணி' தொடரின் ஏழாம் பாகத்தில் சுருட்டை என்ற பெண்ணைத் தோழிகள் அணியிலிருந்து விலக்கியது பச்சை அநியாயம். அதனால் என் தம்பி மகள் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட நேர்ந்தது. நான் நலம். உங்கள் நலத்தைப் பதில் வந்த பிறகு விசாரிக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், அவள் வகுப்பில் நாலு பெண்கள் உங்கள் கதையைப் படிப்பதோடு நிற்பதில்லை, அதற்குள்ளேயே குடியிருக்கிறார்கள். ஒருத்தி தலைவி, ஒருத்தி கண்ணாடி, ஒருத்தி ஓட்டக்காரி. எங்கள் பெண் கடைசியில் சேர்ந்ததால் மிச்சமிருந்த சுருட்டை அவள் தலையில் விழுந்தது. அந்தத் தலையிலோ முடி அளவுகோல் மாதிரி நேராக இருக்கும். புத்தகத்தில் நடப்பது வகுப்பிலும் நடந்தாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஐந்தாம் பாகத்தில் எல்லோருக்கும் நீல ரிப்பன் கட்டிவிட்டீர்கள், நான் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தேன், வாய் திறந்தேனா? ஆனால் ஏழாம் பாகத்தில் சுருட்டை தலைவியின் ரகசியத்தை வெளியே சொன்னாள் என்று விலக்கினீர்கள். எங்கள் பெண் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்தத் தலைவியிடம் ரகசியம் என்று ஒன்று இருந்தால்தானே!

பூட்டு சுற்றி வரும் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். இருந்தாலும் ஏழாம் பாகத்தை விடாமல் படித்து முடித்தேன். மறுநாள் கடையைப் பாதியில் இழுத்து மூடிவிட்டுப் பள்ளி வாசலில் போய் நின்று தலைவியைப் பிடித்தேன்.

"ஏம்மா, கூட இருந்த பிள்ளையை இப்படித் தள்ளி வைக்கலாமா?"

"நாங்க என்ன பண்றது அங்கிள்? புக்லயே அப்படித்தான் இருக்கு."

"புக்ல இருந்தா? கிணத்துல குதின்னு போட்டிருந்தா குதிப்பியா?"

"அது எட்டாம் பாகத்துல வருதா அங்கிள்?" என்று பக்கத்தில் நின்ற ஓட்டக்காரி ஆவலாகக் கேட்டாள்.

விளைவு, எங்கள் பெண்ணுக்கு 'பெரியப்பாவைக் கூட்டிட்டு வந்தவ' என்று இன்னொரு பட்டமும் சேர்ந்தது. "உங்களை யாரு பெரியப்பா வரச் சொன்னா?" என்று என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் செய்தது சரிதான்; இன்றைக்கும் அதையே சொல்வேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துப் படியில் அவள் தனியாகச் சாப்பிடும்போது இன்னொரு பெண் வந்து ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ கதையில யாரு?" என்று கேட்டிருக்கிறாள் எங்கள் பெண்.

"நான் புக்லயே இல்ல."

"அப்போ உனக்கு அடுத்து என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியாதா?"

"எனக்கே தெரியாது!"

இருவருக்கும் அது பெரிய அதிர்ஷ்டமாகத் தோன்றியிருக்கிறது. புத்தகத்தில் இல்லாதவர்கள் எதை வேண்டுமானாலும் விளையாடலாமே! மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து சேர, படி நிறைந்தது, அதற்கு மேல் படியும் நிறைந்தது. தலைவி கோஷ்டியோ, எட்டாம் பாகம் வராததால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. கடைசியில் தலைவியே சாப்பாட்டு டப்பாவோடு படியடிக்கு வந்து, "நானும் உக்காரலாமா?" என்றாளாம். எங்கள் பெண் நகர்ந்து இடம் விட்டு, "வா. தலைவியை மட்டும் அங்கயே விட்டுட்டு வா" என்றாள். இதைத் தம்பி வந்து சொன்னபோது நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வெற்றி வேறு, நியாயம் வேறு. ஆகவே எட்டாம் பாகத்தில் சுருட்டையைத் திரும்பச் சேர்த்து, தலைவியை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும். இதில் நான் இம்மியும் இறங்கி வரமாட்டேன். உங்கள் அச்சு இயந்திரம் பழுதின்றி ஓடவும், தங்களுக்கு நல்ல புத்தி நிலைக்கவும் ஆசிகள்.

இப்படிக்கு,
சுருட்டையின் பெரியப்பா

பின்குறிப்பு: இதைத் தம்பி மகள் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எட்டாம் பாகம் வந்தா எல்லாரும் திரும்பப் புக்குக்குள்ள ஓடிடுவாங்க பெரியப்பா! படியில யாரு இருப்பா?" நியாயம் அவள் பக்கம் இருப்பதால் மேலே கேட்டதை அடித்துவிட்டேன், நான் இறங்கி வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். இனி செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்தக் கதையை எழுதும் அம்மா தன் கைக்கு நன்றாக ஓய்வு கொடுத்து, இந்தப் பிள்ளைகள் வளரும்வரை மெதுவாக எழுத வேண்டும். அச்சகத்தார் அதைவிட மெதுவாக அச்சடிக்க வேண்டும். நீங்கள் முதல் பிரதியை மட்டும் பழுப்புத்தாளில் சுற்றி, வீட்டுக்கு அனுப்பாமல், கடை விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். கதையில் தலைவியின் ரகசியத்தைச் சொன்னது சுருட்டையாக இருக்காது, எனக்குக் கண்ணாடி மேல்தான் சந்தேகம். நான் படித்துவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடாமல் இருக்க வேண்டும்.