வந்துரும் பாய்

மலாக்கா டவுனில் இன்று நிற்கிற கட்டடங்களில் பாதியை, அவை கட்டப்படுவதற்கு முன்பே வாடகைக்கு விடப் பார்த்த மனிதர் ஒருவர் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். காஜா பெராங்கில் 'வந்துரும் பாய்' என்று கேட்டால் தெருநாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு வழி காட்டும்.

வீட்டுத் தரகர். தலையில் சொங்கோக் தொப்பி, இடுப்பில் கட்டம் போட்ட கைலி, கையில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததே இல்லை. கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு வருவார்.

"குடைய விரிச்சா என்ன பாய், கொறஞ்சா போயிரும்?" என்று கேட்டால், "இது எடம் காட்டுற குடை, தங்கச்சி. நனையக் கூடாது" என்பார்.

உண்மைதான். குடையின் நுனியால் ஒரு புதரைக் காட்டுவார். "வந்துரும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் சாலை, விளக்குக் கம்பம், தண்ணீர்க் குழாய், நல்ல குடித்தனக்காரர்கள், ஏறுகிற விலை எல்லாம் அடக்கம். அந்த நாளில் ஊர் முழுக்க மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் பற்றித்தான் பேச்சு. "மெர்டேக்கா வருமா பாய்?" என்று கோப்பிக் கடையில் கேட்பார்கள். "வந்துரும்" என்பார். "செமாபோக் சேத்துப் பக்கம் கால்வாய் வருமா பாய்?" "அதுவும் வந்துரும்." மெர்டேக்கா முதலில் வந்தது. கால்வாய் அதற்கு வெகுகாலம் கழித்து, கொஞ்சம் கோணலாக வந்து சேர்ந்தது.

எங்களுக்கு அவர் அறிமுகமானது வீடு தேடித்தான். புதிதாகக் கலியாணமாகி, பஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியான என் வீட்டுக்காரரோடு சிரம்பானிலிருந்து மலாக்காவுக்கு வந்திருந்தேன். ஓர் அறை, ஒரு அடுப்படி, பக்கத்தில் தண்ணீர். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். பாய் எங்களை ஆயர் குரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு ஆயர் குரோ என்றால் நெடுஞ்சாலை, ஆபீஸ், தொழிற்பேட்டை என்று நினைப்பீர்கள். அன்றைக்கு அங்கே ரப்பர் மரமும் காடும் கொசுவும்தான் இருந்தன. என் கலியாணச் செருப்பு சேற்றில் போனது.

ஒரு மரத்தடியில் நின்று குடையை நீட்டினார். "இதான் ஹாலு."

என் வீட்டுக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். "வீடு எங்க பாய்?"

"வந்துரும். நீங்க நிக்கிறது அடுப்படி. கொஞ்சம் இப்படி வாங்க, காத்து நல்லா வரும்."

மேலே இருந்து ஒரு குரங்கு எதையோ எங்கள் மேல் எறிந்தது. "பக்கத்து வீட்டுக்காரர் வந்துட்டாரு" என்றேன் நான். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு அங்கே வீடு தெரிந்தது. ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில், பொழுது சாய்கிற நேரத்தில், என்னமோ தோற்றுப்போனவர்போல காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, வாசலுக்கு வாசல் கட்டிய துணிக்கொடி. கடைசி அறை அவருடையது. எங்களுக்கு அடுத்த வீட்டில் மீனாட்சி. அவள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்கிற மலாக்கா செட்டிப் பெண். பெயர் மீனாட்சி, உடுத்துவது மலாய்க்காரர் கெபாயா, பேசுவது மலாய், வாசலில் போடுவது கோலம். தமிழ் ஒரு வாக்கியம் வராது. என்னைப் பார்த்ததும் ஒரு தட்டு நிறையப் பலகாரத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பேச்சு பிறகு வந்தது, சிநேகிதம் முதலில் வந்துவிட்டது. அந்தத் தட்டின் ஓரத்தில் இருந்த நீலப் பூ இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

பாய் எந்தப் பேட்டை தேறும் என்று கணிப்பதற்கு ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். வீட்டைப் பார்க்க மாட்டார். கொடியில் காய்கிற துணியைத்தான் பார்ப்பார்.

"வெறும் கைலியும் சாரோங்கும் காஞ்சா, அந்த எடம் இன்னும் தூங்குதுன்னு அர்த்தம், தங்கச்சி. கஞ்சி போட்ட வெள்ளச் சிலுவாரு, முழுக்கால் சட்டை, ஒண்ணு தொங்குச்சுன்னு வைங்க, கிராணி குடி வந்துட்டாரு. அப்புறம் பள்ளிக்கூட உடுப்பு. அப்புறம் மெத்தை விரிப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் துணியெல்லாம் வாசல விட்டுட்டுப் பின்பக்கம் போயிரும். அப்ப எடம் வந்துருச்சு, வாடகையும் ஏறிருச்சு. நீங்களும் நானும் பொட்டியக் கட்டிர வேண்டியதுதான்."

இந்தச் சாஸ்திரத்தை அவர் ஊருக்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் எங்கேயும் ஒரு முழம் நிலம் வாங்கவில்லை. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்த நாளன்று கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் நின்றோம். எல்லாரும் மேடையைப் பார்க்க, பாய் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க கடைத்தெரு வந்துரும்" என்றார். "கடல்லயா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். "கடலு தள்ளிப் போயிரும்." அன்றைக்கு மெர்டேக்காவுக்குக் கைதட்டியதைவிட இதற்குச் சிரித்தவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம்.

ஆனால் ஒரு விசித்திரம். காஜா பெராங்கைப் பற்றி மட்டும் அவர் 'வந்துரும்' என்று சொன்னதே கிடையாது. "நம்ம சந்து எப்படி பாய்?" என்று கேட்டால் விரலை உதட்டில் வைப்பார். "உஸ்! இது இப்படியே இருக்கட்டும். எந்தத் தவுக்கே காதுலயாவது விழுந்துறப் போவுது."

விழுந்தது.

பண்டார் ஹிலிரில் மரக்கடை வைத்திருந்த தவுக்கே, அதாவது சீன முதலாளி ஒருவர், பாயின் சொல்லை நம்புகிற ஒரே ஜீவன். செமாபோக்கில் ஒரு துண்டு நிலத்தை வாங்கும்படி அவரிடம் பாய் மாதக்கணக்கில் மந்திரம் ஓதி, ஏறக்குறைய முடிகிற கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அது முடிந்தால் பாய் ஆபீஸ் போடுவதாக இருந்தது. ஆபீஸுக்கு இடமில்லை, பலகை இல்லை, மேசை இல்லை. ஆனால் சுழல்கிற நாற்காலி ஒன்றை ஏலத்தில் எடுத்து, தன் அறையில் அதை வைத்துவிட்டுத் தான் வாசலில் படுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்தில் அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி, எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் குடையை நீட்டி "வந்துரும்" என்பார். அந்த நாற்காலியில் உட்காரும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களை!

அந்தத் தவுக்கே ஒருநாள் பாயைத் தேடி எங்கள் சந்துக்கு வந்தார். வந்தவர் கொடியைப் பார்த்தார். என் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சிலுவார், கஞ்சி மொடமொடக்கக் காய்ந்துகொண்டிருந்தது. பாய் சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கு மறக்கவில்லை. அன்றைக்கே வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், மொத்த வரிசையையும் விலை பேசினார். வாங்கி, இடித்து, கல்வீடு கட்டப் போகிறாராம். வெள்ளிக்கிழமை வந்து பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிப் போனார்.

பாய் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். "நான் வளத்த கடா என்னையே முட்டுது, தங்கச்சி." அந்த வரிசையில் யாருக்கும் போக வேறு இடம் இல்லை. எனக்கு அப்போது மூன்று மாதம். முழுகாமல் இருப்பதை என் அம்மாவுக்கு எழுதுவதற்கு முன்பே மீனாட்சி கண்டுபிடித்து, மாங்காய் நறுக்கிக்கொடுத்த வாசல் அது. அதை விட்டுப் போக எனக்கு மனசில்லை.

மூளை எனக்குத்தான் வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். "துணியப் பாத்துத்தான வாங்க வர்றாரு? துணிய மாத்திருவோம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சந்து காட்சியளித்த கோலத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வீடு கிழிசல் சாரோங்கும் சாக்குத் துண்டும் கொடியில் ஏறின. மீனாட்சி தரை துடைக்கிற துணியைக்கூட விடவில்லை. அதை நான்கு பின் குத்தி, பட்டுப் புடவையைக் காயப்போடுகிற பக்குவத்தோடு விரித்தாள். வெள்ளைச் சிலுவார் அரிசிப் பானைக்குள் போனது. கிராணி குடியிருக்கிற அடையாளமே தெரியக் கூடாதென்று என் வீட்டுக்காரரைக் கைலி கட்டி வேலைக்கு அனுப்பினேன். டிப்போவுக்குப் போய் மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

"கலியாணம் பண்ணது கைலியோட டிப்போவுக்குப் போறதுக்கா?" என்று பல்லைக் கடித்தார்.

"ஒரு நாள்தானே. போங்க, உங்களுக்குக் கைலி நல்லாத்தான் இருக்கு."

தவுக்கே வந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். முகம் சுருங்கும் என்று நாங்கள் காத்திருக்க, அவருடைய முகம் மலர்ந்தது. "மூரா!" என்றார். மலாயில் அதற்கு மலிவு என்று அர்த்தம். இவ்வளவு பஞ்சை பராரிகள் குடியிருக்கிற இடத்துக்கு எவன் விலை கொடுப்பான், சொந்தக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார், இன்றைக்கே முடித்துவிடலாம் என்று சந்தோஷமாகக் கையைத் தேய்த்தார். தரை துடைக்கிற துணிக்குப் பக்கத்தில் நானும் மீனாட்சியும் சிலைபோல நின்றோம்.

அப்போதுதான் பாய் எழுந்து வந்தார். குடையைத் தூக்கினார். மலாயில்தான் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"வாங்கிருங்க, தவுக்கே. இந்தச் சந்து வந்துரும்!"

எங்கள் சந்தைப் பற்றி அவர் சொல்லாத சொல் அது. மீனாட்சி என் கையை அழுத்தினாள்.

"ஆனா இடிச்சிராதீங்க. இந்த ஓட்டப் பலகையிலதான் இருக்கு விஷயம். இந்த ரூம்புல ஒரு ராத்திரி படுக்க வெள்ளக்காரன் ஏரோப்ளேன் ஏறி வருவான். இந்தக் கெணத்தடியில மேசை போட்டுக் கோப்பி குடிப்பான். அந்தா தொங்குதே கிழிசலு, அதப் படம் புடிச்சு ஊருக்குக் கொண்டு போவான். பெரிய ஓட்டல்ல குடுக்குறத விட இங்க அதிகமாக் குடுப்பான்!"

தவுக்கே முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பாயைத் தலையிலிருந்து கால்வரை, முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "செமாபோக்... அதுவும் இப்படித்தானா?" என்று மெல்லக் கேட்டார்.

பாயின் கண் கடைசி அறைப் பக்கம் போனது. அங்கேதான் நாற்காலி இருந்தது. "அதுவும் இதே மாதிரிதான், தவுக்கே" என்றார். "அப்படியே வந்துரும்."

தவுக்கே தலையில் அடித்துக்கொண்டு போனார். போனவர் சந்தையும் வாங்கவில்லை, செமாபோக்கையும் வாங்கவில்லை. போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு எங்கள் வரிசையை விலைக்குக் கேட்டு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சோறு போட்டுக்கொடுத்தேன். "ஏன் பாய் இப்படிச் செஞ்சீங்க? செமாபோக்கும் போச்சே."

"நான் நல்ல எடம்னு சொன்ன எடத்த இதுவரைக்கும் எவனாச்சும் வாங்கியிருக்கானா, தங்கச்சி?" என்றார். குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஒங்களக் காப்பாத்த அந்த ஒரு வார்த்தைதான் எங்கிட்ட இருந்துச்சு." நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போனார். "அதுக்காகப் பொய் சொன்னேன்னு நெனச்சிராதீங்க. சொன்னது அம்புட்டும் வந்துரும்."

நாற்காலியை மீனாட்சிக்குக் கொடுத்துவிட்டார். அவள் அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வெயிலுக்கு வைத்தாள். வெயில் நகர நகர ஜாடியைத் திருப்பிவிட அதைவிட வசதி வேறில்லை என்றாள். மெர்டேக்கா அன்றைக்கு அந்த ஜாடிக்கு ஒரு சிறிய தேசியக் கொடியும் குத்திவைத்திருந்தாள். பாய் அதைப் பார்த்து, "ஆபீஸு தொறந்துட்டாங்க" என்று சிரித்தார்.

அடுத்த சில வருஷங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள். என் மகன் அந்தக் கிணற்றடியில்தான் நடக்கப் பழகினான். பிறகு ஒருநாள் பாய் கப்பலேறினார். அவருடைய சொந்த ஊர் கடற்கரைப் பக்கம் ஏதோ ஒன்று, நாகூருக்குத் தெற்கே என்பார். துறைமுகத்துக்குப் போகிற பஸ்ஸை எதிர்பார்த்து, பஸ் நிலையத்தில் குடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஊரப் பாத்துட்டு வந்துர்றேன், தங்கச்சி" என்றார்.

போன மாதம் காஜா பெராங்குக்குப் போயிருந்தேன். எங்கள் வரிசை அப்படியே நிற்கிறது. பலகைக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்கள். கிணற்றுக்குக் கண்ணாடி மூடி. சுற்றிலும் மேசை போட்டு வெள்ளைக்காரர்கள் கோப்பி குடிக்கிறார்கள். சுவரில் சட்டம் போட்டு ஒரு கிழிந்த சாரோங் தொங்குகிறது. வாசலில் கொடி இல்லை, துணி இல்லை. மேசையருகே இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "ரூம் புக் பண்ணியிருக்கீங்களா, பாட்டி?" என்று கேட்டாள். இல்லையம்மா, நான் இங்கே குடியிருந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். மீனாட்சியும் இல்லாத வாசலில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடல் தள்ளிப் போய்விட்டது. அங்கே கடைத்தெரு இருக்கிறது. செமாபோக்கில் இன்றைக்கு வீட்டு விலையைக் கேட்டு என் பேரன் முழிக்கிறான். செமாபோக்கைச் சுற்றி ரயில் விடுவார்கள் என்றும் பாய் சொல்லியிருந்தார். அது இன்னும் வரவில்லை. வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நான் இப்போது மகனோடு ஆயர் குரோவில் இருக்கிறேன். அன்றைக்கு அவர் காட்டிய இடம் இதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஹாலில் காற்று நன்றாக வருகிறது.

இங்கே எல்லாரும் பின்பக்கம்தான் துணி காயப்போடுகிறார்கள். "முன்னால போடாதீங்கம்மா, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" என்று என் மருமகள் சத்தம் போடுகிறாள். நான் கேட்பதில்லை. காலையில் குளித்ததும் என் புடவையை வாசலில்தான் விரிக்கிறேன். அவர் சொன்னதெல்லாம் வந்துவிட்டது, வந்துர்றேன் என்று சொன்ன மனிதர்தான் இன்னும் வரவில்லை. வந்தால், துணியைப் பார்த்துத்தானே வீட்டைக் கண்டுபிடிப்பார்.