சேற்றுக்கு அலைந்த இலாகா

சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டியை நடத்தும் பெரும் பேறு இந்த ஆண்டு நமக்கே கிட்டியிருக்கிறது என்ற செய்தி வந்ததும், சாலைகள் இலாகாவில் எல்லோருக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. அது என்ன ஓட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குச் சந்தோஷப்படுவதில் அந்த இலாகாவுக்கு நீண்ட பழக்கம் உண்டு.

"உலகமே நம்மளப் பாக்கப் போகுது," என்றார் இயக்குநர். "ஊருக்கு வெளிய இருக்குற திடல்லதான் ஓட்டம். ஓடுற பாதையை நாம ரெடி பண்ணித் தரணும். யாரு பொறுப்பெடுத்துக்கறீங்க?"

இப்படிப்பட்ட நேரங்களில் எல்லோரும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது வழக்கம். துணைப் பொறியாளரம்மா அன்று வார் இல்லாத செருப்பு போட்டு வந்துவிட்டார். பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "செய்யறேன் சார். போட்டி நல்லபடியா முடிஞ்சா எங்க தெருவுக்கு ரோடு போட நீங்க கையெழுத்துப் போடணும்," என்றார், அத்தனை பேர் முன்னாலும். இயக்குநரும் இனிப்பு தின்ற வாயோடு தலையாட்டிவிட்டார்.

அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே கடைசியாகத் தார் ஊற்றியது யார் காலத்தில் என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு. சாலைகள் இலாகாப் பொறியாளர் குடியிருக்கும் தெருவே இப்படியா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் குடியிருப்பதால்தான் இப்படி. அதிகாரி தான் வசிக்கும் தெருவுக்குத் தானே சாலை போட்டுக்கொள்வது சுயநலம் என்று இலாகாவில் ஒரு விதி. இயக்குநர் மனம் வைத்து விலக்கு அளித்தால்தான் உண்டு.

"நீங்க வீட்டைக் காலி பண்ணிட்டா எங்களுக்கு ரோடு வந்துரும்மா," என்று தெருச் சங்கத் தலைவர் வாராவாரம் வந்து அன்போடு சொல்லிவிட்டுப் போவார். மனு எழுதி எழுதியே நரைத்தவர் என்பதால் அவருக்கு மனுத் தாத்தா என்று பெயர்.

வீட்டுக்குள் இன்னும் மோசம். கணவர் பல் வைத்தியர். "ஊர்ப் பல்லுல இருக்குற குழியெல்லாம் நான் அடைக்கிறேன். வாசல்ல இருக்குற ஒரு குழியை உன்னால அடைக்க முடியல," என்று சாப்பாட்டு நேரம் பார்த்துச் சொல்வார். மாமியாரின் புகார் வேறு ரகம். "எல்லாம் திட்டம் போட்டுத்தான். என் பொண்ணு இங்க வந்துடக் கூடாதுன்னுதானே ரோடு போடாம வெச்சிருக்கா?" நாத்தனார் புதுக் கார் வாங்கியதிலிருந்து அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை என்பது உண்மைதான். பொறியாளரம்மாவைச் சுட்டது இந்த ஒரு பழிதான். மழை நாட்களில், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். எப்படியாவது ரோடு போட்டு அந்தப் பழியைத் துடைத்துவிட வேண்டும் என்று அவர் துடித்தார்.

ஆகவே திடலில் இறங்கி வேலை பார்த்தார். அங்கே ஒரு குன்று இருந்தது, குறுக்கே ஓர் ஓடை ஓடியது, மீதி இடத்தில் சேறு. பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால், அவர் வரும் இடம் எதுவானாலும் முதலில் அதைச் சமமாக்கி வெள்ளையடித்துவிடுவது இலாகாவின் வழக்கம். அவர் எதைப் பார்க்க வருகிறார் என்பது இரண்டாம்பட்சம். ஒருமுறை வெள்ளச் சேதத்தைப் பார்வையிட வந்த அமைச்சருக்காகச் சேதத்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். அவர் பார்க்க ஒன்றுமில்லாமல் பூந்தொட்டிகளைப் பார்வையிட்டுத் திரும்பினார்.

அந்த நல்வழக்கப்படி குன்று வெட்டப்பட்டது. ஓடை மூடப்பட்டது. சேறு லாரி லாரியாக அள்ளப்பட்டுக் கண்காணாத இடத்தில் கொட்டப்பட்டது. பாதை முழுக்கப் பளபளப்பான கல் பதித்து, ஓரமெல்லாம் வெள்ளையடித்து, ஓடிக் களைக்கும் வீரர்கள் உட்காருவதற்கு நாற்காலிகளும் போட்டார்கள். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, "நட்சத்திர ஓட்டல் மாதிரி இருக்கும்மா," என்று கண் கலங்கினார்.

சர்வதேசச் சங்கத்தின் பரிசோதகர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர்.

"பாதை எங்கன்னு கேக்கறார்."

"அவர் நிக்கிறதுதான்," என்றார் பொறியாளரம்மா.

"மேடு?"

"எடுத்துட்டோம்."

"ஓடை?"

"மூடிட்டோம்."

"சேறு?"

"ஒரு பொட்டு கிடையாது! வெள்ளைத் துணியால வேணும்னா துடைச்சுப் பாக்கச் சொல்லுங்க."

பரிசோதகர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தப் பாதையில் யாருக்காவது ஏதாவது பயன்பட்டது என்றால் அந்த நாற்காலி ஒன்றுதான். காட்டிலும் மேட்டிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து ஓடுவதற்குப் பெயர்தான் கிராஸ் கன்ட்ரி என்று அவர் பொறுமையாக விளக்கினார். இந்த வாரத்துக்குள் சேறும் மேடும் வந்து சேராவிட்டால் போட்டி வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பதையும் அதே பொறுமையோடு சொன்னார்.

அவசரக் கூட்டம் கூடியது.

"போன மாசம் நாமதானே சார் சேத்தை அள்ளிக் கொட்டினோம்? அதையே திரும்ப எடுத்துட்டு வந்துடலாம்," என்றார் பொறியாளரம்மா.

"அது கழிவுன்னு எழுதி வெளிய அனுப்பின பொருள்," என்றார் கணக்கதிகாரி. "அதைத் திரும்ப உள்ள கொண்டுவர விதி இல்ல. புதுச் சேறுதான் வாங்கணும்."

"அப்ப டெண்டர் விடுங்க," என்றார் இயக்குநர்.

டெண்டர் விடப்பட்டது. ஒரு ஒப்பந்தக்காரர் மாதிரிச் சேற்றைச் சலித்து, கல் பொறுக்கி, மல்லிகை வாசனை சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் அனுப்பினார். ஆய்வுக்கூடம் அதைப் பரிசோதித்து, "மாசற்ற சேறு" என்று சான்று கொடுத்துவிட்டது. மாசற்றது சேறாகுமா என்று ஆலோசிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். இன்னொருவர் பொடியாகவே தந்தார், தண்ணீரை இலாகாவே கலந்துகொள்ள வேண்டும். குடிநீர் இலாகாவைக் கேட்டால், குடிப்பதற்கே தண்ணீர் இல்லை, குழப்புவதற்கு எங்கே போவது என்று பதில் வந்தது. மேட்டுக்காகப் பலகையில் ஒரு குன்று செய்து பச்சை வர்ணம் பூசினார்கள். கணக்கதிகாரி அதன் உறுதியைச் சோதிக்க ஏறினார். உச்சிவரை ஏறியவர் உள்வழியாகக் கீழே வந்து சேர்ந்தார்.

வாரக் கடைசி வந்துவிட்டது. போட்டி போனால் கையெழுத்தும் போச்சு, பழி மட்டும் மிஞ்சும். பொறியாளரம்மா வீடு திரும்பி, வாசல் குழாயில் முழங்கால்வரை அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே, எங்கேயும் சேறு கிடைக்கவில்லையே என்று விம்மி விம்மி அழுதார்.

அப்போதுதான் ஒரு கார் உறுமிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. பரிசோதகர் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓட்டுநர் குறுக்கு வழி என்று நினைத்து உள்ளே திருப்பிவிட்டார். பாதித் தெருவில் கார் அமைதியாக அமிழ்ந்தது. கதவைத் திறந்து இறங்கிய பரிசோதகரும் இறங்கிக்கொண்டே போனார். பூட்ஸ் மறைந்ததும் நின்றார். ஓர் அடி வைத்தார், வழுக்கி விழுந்தார். எழுந்து இன்னொரு அடி வைத்தார், இன்னொரு குழியில் விழுந்தார். முகமெல்லாம் சேறு, அதற்குள்ளே பளிச்சென்று ஒரு சிரிப்பு.

"இதை உருவாக்கினது யாருன்னு கேக்கறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வேடிக்கை பார்க்க வந்த தெரு மொத்தமும், பல வருட வயிற்றெரிச்சலோடு, ஒரே நேரத்தில் பொறியாளரம்மாவைக் கை காட்டியது.

"இந்தம்மாதான்!" என்று கத்தினார் மனுத் தாத்தா. "இவங்க இங்க இருக்குறவரைக்கும் இதுல ஒரு கல்லைக்கூட யாராலும் மாத்த முடியாது!"

பரிசோதகர் சேற்றுக் கையால் பொறியாளரம்மாவின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார்.

போட்டி அந்தத் தெருவிலேயே நடந்தது. மாமியார் ஜன்னலில் நின்று, "இடது பக்கம் வராதேப்பா, அங்க ஆழம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மொழி புரியாத வீரர்கள், பாட்டி உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து வரிசையாக இடது பக்கமே வந்து விழுந்தார்கள். நாத்தனார் காரைப் பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடோடி வந்தார். "உலக சாம்பியன் எங்க அண்ணன் வாசல்லதான் விழுந்தார்," என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். இதைவிடக் கொடுமையான தெருவில் ஓடியதே இல்லை என்று எல்லா நாட்டு வீரர்களும் ஒரே குரலில் பாராட்டினார்கள்.

இயக்குநர் வாக்குத் தவறாதவர். மறுநாளே கையெழுத்துப் போட்டார். தார் லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து பொறியாளரம்மா தெருமுனைக்கு வந்தபோது, மழைக்கோட்டை விரித்துத் தெருவுக்குக் குறுக்கே படுத்திருந்தார் மனுத் தாத்தா.

"எழுந்திருங்க தாத்தா. ரோடு போட வந்திருக்கேன்."

"என் பொணத்து மேல போடு."

"வாராவாரம் கேட்டது நீங்கதானே?"

"அப்ப அது குழி. இப்ப அது உலகத் தரம். பயிற்சி எடுக்க வெளிநாட்டுக்காரங்க வந்து எந்த வாடகைன்னாலும் தர்றேங்கறாங்க. பக்கத்துத் தெருக்காரன் பொறாமையில நல்ல ரோட்டைக் கடப்பாரை போட்டுத் தோண்டிக்கிட்டிருக்கான். நீ என்னடான்னா தாரைக் கொண்டாந்து நிக்கிற!"

பொறியாளரம்மா ஜன்னலைப் பார்த்தார். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? அதைப் பாக்கத்தான் என் பொண்ணு இப்ப வாரா வாரம் வர்றா. அது பொறுக்காமதானே ரோடு போடக் கிளம்பிட்டே?"

லாரி திரும்பிப் போயிற்று. அந்தத் தெருவைப் பாதுகாக்கப்பட்ட தடமாக அறிவித்து, பொறியாளரம்மாவைக் குழிகள் பராமரிப்புச் சிறப்பு அதிகாரியாகப் பதவி உயர்த்தினார்கள். ஒரு ஜீப்பும் கொடுத்தார்கள். அது தெருவுக்குள் வராது. வெயில் காலத்தில் குழிகள் காய்ந்துவிடாமல் தண்ணீர் விட வேண்டும், மழை மிஞ்சினால் இறைக்க வேண்டும், விளிம்பு மழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் அவமானமாகத்தான் இருந்தது. பிறகு மற்ற ஊர் அதிகாரிகள் கும்பல் கும்பலாக வந்து, "எங்க ஊர்ல எவ்வளவு முயற்சி பண்ணியும் இந்த அளவுக்கு வரலீங்க," என்று கைகட்டி நிற்க ஆரம்பித்ததும், அவமானம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பல் வைத்தியர் வேலை முடித்து வரும்போது, வாசலில் இருந்த பெரிய குழியில் தடாலென்று விழுந்தார். அவர் போட்ட அலறலில் தெரு முழுக்கக் கூடிவிட்டது. பொறியாளரம்மா பதறியடித்து ஓடி வந்து, கூட்டத்தை விலக்கி மண்டியிட்டார்.

"கால்... கால் போச்சும்மா..." என்று முனகினார் கணவர்.

"கொஞ்சம் நகருங்க," என்றார் அவர், கணவரின் தோளை ஒதுக்கி, விளிம்பைச் சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தபடி. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"ஒண்ணும் ஆகல," என்றார் பொறியாளரம்மா. "ஓரம் அப்படியே இருக்கு."

தெருவே கை தட்டியது. குழிக்குள் கிடந்த பல் வைத்தியரும் வலியை மறந்து தட்டினார்.