நாலு மணி லைன்

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கும்போதே வரைபடக்காரர் முடிவு கட்டிவிட்டார். இன்று மாலை நாலு மணிக்கு இந்த வீட்டு டெலிபோன் லைன் தன் கைக்கு வந்தாக வேண்டும்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுக்கிற மனுஷர். சொந்த வீட்டில் அவருக்கென்று இருப்பது கம்ப்யூட்டர் மேஜையும் அதற்கடியில் கால் நீட்டும் இடமும்தான். நாலு மணி அடித்தால் மனைவி தங்கைக்குப் போன் போடுவாள். ஆறு வரை ரிசீவர் கீழே இறங்காது. இன்டர்நெட்டை இழுத்துத் தரும் மோடத்துக்கும் அதே லைன்தான். அவரோ எட்டு மாதமாகக் கடல் தாண்டி இருக்கும் ஒரு பல் டாக்டரோடு மின்னஞ்சலில் சதுரங்கம் ஆடுகிறார். வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயிக்கப் போகிறார். அடுத்த நகர்த்தல் இன்று நாலிலிருந்து ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது டாக்டர் வைத்த கெடு; தவறினால் ஆட்டம் டாக்டருக்கு.

அதற்காகத்தான் புது ஆபரேட்டிங் சிஸ்டம். டப்பாவைப் பத்து நாளாகப் பீரோ மேல், பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். சொன்ன நேரத்துக்குத் தானே டயல் செய்துகொள்ளும் என்று அதன் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாலுக்கு ஒரு நிமிஷம் முன்னால் அது லைனைப் பிடித்துவிட்டால், அப்புறம் மச்சினியாவது மண்ணாங்கட்டியாவது!

"என்னங்க, காலையிலேயே மிஷின் உறுமுது?"

"சின்ன வேலை."

"பழசு நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஓடறது வேற, பறக்கறது வேற. உனக்குப் புரியாது."

நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி துணி மடிக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் புது சிஸ்டம் பளபளவென்று வந்து நின்றது. வந்ததும் முதல் வேலையாக, இந்த வீட்டில் மோடமே இல்லை என்று சாதித்தது. மோடம் அதன் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. அவர் வயரைப் பிடுங்கிச் செருகினார். தூசி ஊதினார். ஏழு தடவை அணைத்துப் போட்டார். நல்ல வார்த்தை சொன்னார், பிறகு அதன் தலையில் ஒரு தட்டும் தட்டினார். கடைசியில் மோடம் கம்பெனிக்கே போன் செய்தார்.

"புது சிஸ்டத்துக்குப் புது டிரைவர் போடணும் சார். அப்பத்தான் அதுக்கு மோடம் தெரியும். எங்க வெப்சைட்ல இருக்கு, எடுத்துக்குங்க."

தெருக்கோடி பிரவுசிங் சென்டருக்கு ஓடினார். ஞாயிறு விடுமுறை, பூட்டு தொங்கியது. திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. மனைவி ரிசீவரை வைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப என்னதான் வேணுமாம்?"

"டிரைவர்."

"எடுக்கறதுதானே?"

"நெட்டுல இருக்கு."

"நெட்டுக்கு?"

"மோடம் வேணும்."

"மோடத்துக்கு?"

"டிரைவர் வேணும்."

"சரி, நீங்க சுத்திக்கிட்டே இருங்க. நான் தங்கச்சிகிட்ட பாதியில வச்சுட்டு வந்தேன்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "எட்டு மாசம்மா! குதிரையை ஒரே ஒரு தடவை நகர்த்தினா ஜெயிச்சேன்."

மனைவி நின்றாள். "டிரைவர் கிடைச்சா, நாலுல இருந்து ஆறு வரைக்கும் போன் யாருக்கு?"

"உனக்குத்தான். என்னைக்கும் உனக்குத்தான்."

"எழுதிக் குடுங்க."

வரைபடத்தில் எழுதும் அச்சு எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"அந்தத் தானா டயல் பண்ற சமாச்சாரத்தையும் எடுத்துடுங்க."

அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிப்பதற்குள், கைப்பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஐந்தே நிமிஷம். மோடம் கண் சிமிட்டியது, கீச்சிட்டது, கரகரத்தது. அன்றைக்கு அந்தச் சத்தம் அவருக்குத் தேனாக இனித்தது. ஐந்து ஐம்பதுக்குக் குதிரை கடல் தாண்டியது. சந்தோஷம் தாங்காமல் ஃபிளாப்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர், மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். மனைவியின் கையெழுத்து. மோடத்தின் பெயர், கீழே தேதி. ஒன்பது நாள் முந்தைய தேதி.

"இது எப்ப எடுத்தே?"

"நீங்க டப்பாவை ஒளிச்சு வச்ச மறுநாளே, லைப்ரரி கம்ப்யூட்டர்ல. புது டிரைவர் வேணும்னு பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருக்கே, பார்க்கலியா?"

"அடிப்பாவி! அப்ப காலையிலேயே குடுத்திருக்கலாமே?"

"நெட்டை நிறுத்துங்க. ஆறடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, அது என்னோடது" என்று ரிசீவரை எடுத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "காலையிலேயே குடுத்திருந்தா, எழுதிக் குடுத்திருப்பீங்களா?"