இருமல் இல்லாதவர்களுக்கு ஓர் இருமலக்கா

சேர்வராயன் மலையில் பெண்களை இருமச் சொல்லியே பெயர் வாங்கிய ஒரே மனுஷி இருமலக்கா. அவரைத் தேடிப் போன பெண்களில் ஒருவருக்குக்கூட இருமல் கிடையாது என்பதுதான் விசேஷம்.

அவர் பிசியோதெரபி படித்தவர். கீழே சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருடம் முட்டிவலிக்காரர்களின் காலை நீட்டி மடக்கிவிட்டு, ஒருநாள் இது போதும் என்று தோன்றியதும், ஏற்காட்டுக்கு ஏறி வந்து நாகலூர் ரோட்டில் தேன் விற்கிற கடைக்கு மேல் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். பிள்ளை பெற்றவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், வருடக்கணக்கில் மூட்டை சுமந்தவர்கள் என்று பெண்கள் வருவார்கள். வயிற்றிலும் இடுப்பிலும் அடிவயிற்றிலும் உள்ள தசைகளைக் கையால் தொட்டுப் பார்த்து, இறுகியதைத் தளர்த்தி, தளர்ந்ததை இறுக்கச் சொல்லித் தருவார். அதுதான் தொழில். இதை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது? 'பெண்கள் இடுப்புத்தள நலம்' என்று பெரிதாக போர்டு எழுதி மாட்டினார்.

முதலில் வந்தவர் ஒரு கொத்தனார் மேஸ்திரி.

"ஏனுங்கக்கா, தளம் எத்தன சதுரங்க?"

"சதுரமெல்லாம் இல்லீங்க. உள்ளங்கை அகலந்தான்."

"அவ்வளவு சின்னத் தளமா! ஒழுகுதுங்களா?"

"ஒழுகறதுக்குத்தாங்க வைத்தியம்."

"சிமெண்டுல மருந்து கலந்து பூசிட்டா நின்னுருமுங்க."

இருமலக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும். மேஸ்திரியை ஸ்டூலில் உட்கார வைத்து, இடுப்புத்தளம் என்பது என்ன, அது எதையெல்லாம் தாங்குகிறது, எப்போது ஒழுகும் என்று படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். மேஸ்திரி பாதியில் எழுந்து, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை ஸ்டூலிலேயே மறந்துவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டார். மறுநாள் அதை வாங்கிப்போக அவர் மனைவி வந்தார். அந்த அம்மாள்தான் முதல் வாடிக்கை.

இன்னும் இரண்டு சென்ட்ரிங் பார்ட்டிகளும் ஒரு டைல்ஸ்காரரும் வந்து போனபின் போர்டு கழற்றப்பட்டது. அதற்குள் ஊரே அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. யார் போனாலும் அவர் முதலில் சொல்வது, "எங்க, ஒரு தடவ இருமுங்க பாக்கலாம்." இருமும்போது அடிவயிறு என்ன செய்கிறது என்று பார்த்தாலே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடுமாம். அப்படித்தான் இருமலக்கா ஆனார்.

பஸ்ஸில் இடம் பிடிக்க மற்றவர்கள் துண்டு போடுவார்கள். இருமலக்கா இடுப்பெலும்பு போடுவார். பாடம் சொல்லித்தர வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்புதான். ஆனாலும் அசல் நிறம், அசல் அளவு. சேலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக அதை சீட்டில் வைத்துவிட்டு நிதானமாகச் சுற்றி வந்து ஏறுவார். அந்த சீட்டில் யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பக்கத்து சீட்டும் காலியாகத்தான் இருக்கும்.

நான் முதல்முதலில் பார்த்தபோது கண்டக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது யாருதுங்க?"

"என்னுதுதாங்க. உங்களுக்கும் ஒண்ணு இருக்குதுங்க. அதுமேலதான் நிக்கறீங்க."

கண்டக்டர் குனிந்து தன்னைத்தானே ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நிற்க முடியாத அளவுக்குக் கூட்டம். வேறு வழியில்லாமல் அந்தப் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தேன். என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிறந்ததிலிருந்து ஆறு வருடமாக, தும்மினால், சிரித்தால், படியில் வேகமாக இறங்கினால், கொஞ்சம் நனைந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை. ஆபீசில் ஜோக் சொல்ல ஆரம்பித்தாலே ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ் திரும்பும்போது எனக்குத் தும்மல் வந்தது. வழக்கம்போல் காலைப் பின்னிக்கொண்டு தும்மினேன்.

"எத்தன வருசமாங்க?" என்று பக்கத்திலிருந்து கேட்டது.

"என்னதுங்க?"

"தும்மறப்ப காலப் பின்னறீங்களே, அது."

எலும்பைப் பற்றிக் கண்டக்டருக்கு பஸ்ஸே கேட்க வகுப்பெடுத்த அதே மனுஷி, இதை முன் சீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார். அடுத்த வளைவில், "ஆறு வருசம்" என்றேன்.

அந்த வாரமே தேன்கடை மாடிக்கு ஏறினேன். அறையில் ஒரு கட்டில், இரண்டு கம்பளி, வெந்நீர்ப் பை, கதவுக்குத் தாழ்ப்பாளுக்கு மேல் இன்னொரு தாழ்ப்பாள். இரும வைத்தார். படுக்க வைத்தார். பிறகு, "வயித்துல கை வைக்கட்டுங்களா?" என்றார்.

"அதுக்குத்தானுங்களே வந்தேன்."

"வந்தது வேறங்க. சரின்னு சொல்றது வேறங்க."

சரி என்றேன். கை விலா எலும்புக்கடியில் போகும் முன் ஒரு தடவை கேட்டார். தொப்புளுக்குக் கீழே போகும் முன் ஒரு தடவை. பழைய தையல் தழும்பைத் தொடும் முன் ஒரு தடவை. எனக்கு அலுப்பாகிவிட்டது. பிறகுதான் அது அவருடைய சுபாவம் என்று தெரிந்தது. சந்தையில் ஆரஞ்சைத் தொடக்கூட அவர் பழக்காரம்மாவிடம் அனுமதி வாங்குவார். "தாராளமாத் தொடுங்க. அமுக்கிப் பாக்காதீங்க" என்பார் அந்த அம்மாள், அனுபவத்தில்.

என் விஷயத்தில் அவர் சொன்ன தீர்ப்பு எதிர்பாராதது. "தளர்ந்து போச்சுன்னுதான் நெனச்சிருப்பீங்க. அது இல்லீங்க. பயந்துபோயி நொம்ப இறுகிக் கெடக்குது. எப்பவும் இறுக்கியே வெச்சா, அவசரத்துக்கு எப்படிங்க இறுக்கும்? மொதல்ல விடக் கத்துக்கோங்க."

விடக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதமானது. மூச்சை இழுத்து வயிற்றைத் தளர விடவேண்டும். இருமுவதற்கு முன் மூச்சை விட்டபடி இடுப்புத்தளத்தை மட்டும் மேலே தூக்கவேண்டும். "இருமுங்க" என்று அவர் சொன்னால் யாரும் உடனே இருமக் கூடாது. முதுகை நிமிர்த்தி, மூச்சு விட்டு, தூக்கி, அப்புறம்தான் இருமல்.

என் வீட்டுக்காரர் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை பிரித்துக் கொடுப்பவர். "எங்க போயிட்டு வர்ற?" என்று கேட்டபோது, "இருமலக்காகிட்ட" என்றேன். பொய் இல்லை. அவர் அன்று மாலையே இருமல் சிரப் வாங்கி வந்தார். அடுத்த வாரம் வேறு கம்பெனி சிரப். நான் ஒவ்வொன்றையும் ரோஜாத் தொட்டியில் ஊற்றினேன். செடி நன்றாகத்தான் வந்தது.

இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கிற பெண்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். மாமியார் கேட்டால் இருமல். புருஷன் கேட்டால் இருமல். ரைட்டரிடம் அரை நாள் லீவு கேட்டாலும் இருமல். என் வீட்டுக்காரர் பயந்துபோனார். எஸ்டேட்டே இருமுகிறது, வீட்டிலும் இருமல். தானே காசநோயைச் சட்டையில் சுமந்து வந்து எனக்குக் கொடுத்துவிட்டதாக முடிவு கட்டி, குளிக்காமல் பிள்ளைகளைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டார். கடைசியில் அவரே மனு எழுதிக் கீழே சுகாதார ஆபீசுக்கு அனுப்பினார்.

எக்ஸ்ரே வண்டி வந்தது. சளியைத் துப்பிக் கொடுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள் வந்தன. முகக்கவசத்தோடு சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். காபி காயப்போடும் களத்தில் கேம்ப். பேர் எழுத ஆள் வேண்டுமென்று என்னையே மேஜை போட்டு உட்கார வைத்தார் என் வீட்டுக்காரர்.

நாற்பது பெண்கள் கையில் டப்பாவோடு வரிசையாக நின்றார்கள். ஒருவரும் இருமவில்லை. ஆய்வாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லா இருமுங்கம்மா" என்றார்.

நாற்பது முதுகுகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. நாற்பது பேரும் மெல்ல மூச்சை விட்டார்கள். எல்லார் முகத்திலும் ஏதோ ஒன்றைப் பத்திரமாக மேலே தூக்கி வைக்கிற கவனம். நானும் நாற்காலியில் நிமிர்ந்து தூக்கிவிட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆய்வாளர் ஓர் அடி பின்னால் போனார். "என்னங்க இது?" என்றார்.

இருமலக்காவைக் கூட்டிவர ஆள் போனது. வந்தார், கையில் எலும்புப் பையோடு.

"நீங்கதான் இவங்க இருமலுக்கு வைத்தியம் பாக்கறீங்களா?"

"இல்லீங்க. இவங்களுக்கு இருமல் இல்லீங்க."

"பின்ன எதுக்குங்க உங்ககிட்ட வர்றாங்க?"

மேஸ்திரிக்கே படம் போட்டு விளக்கியவர். இப்போது கேட்கப் பெரிய கூட்டமே இருக்கிறது. ஆரம்பித்துவிடுவார் என்று பேனாவை மூடி வைத்தேன். அவர் வரிசையைப் பார்த்துத் திரும்பி, "சொல்லட்டுங்களா?" என்றார்.

ஒரு தலைகூட அசையவில்லை.

"அப்ப சொல்ல முடியாதுங்க" என்றார் ஆய்வாளரிடம். "என் படிப்பு, சர்ட்டிபிகேட்டு எல்லாம் காட்டறேன். இவங்களுக்கு என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

"சொல்லலீன்னா நான் எழுதித்தான் அனுப்பணும். விசாரிச்சு முடியற வரைக்கும் உங்க ரூமப் பூட்ட வேண்டியிருக்கும்."

"பூட்டிக்கோங்க."

என் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. "இருமலே இல்லாம இருமல்னு லீவு வாங்கியிருக்கீங்களா? இனிமே அரை நாள் லீவுன்னு ஒருத்தரும் எங்கிட்ட வரக்கூடாது!"

அப்போது வரிசையின் நடுவிலிருந்து செல்வி வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். மூட்டை தூக்குவதில் அவளுக்கு நிகர் ஆண்களிலும் இல்லை என்று என் வீட்டுக்காரரே பெருமையாகச் சொல்வார். டப்பாவை என் மேஜைமேல் வைத்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, எனக்குக் கர்ப்பப்பை எறங்கிப்போச்சுங்க. மூணாவது புள்ளைக்கப்புறம். துணிய வெச்சுக் கட்டிக்கிட்டுத்தான் உங்க மூட்டையத் தூக்கறேன். இந்தக்கா ஒருத்தருதான் கை வெச்சுப் பாத்துட்டு, இது என் கையில சரியாவாது, ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வர்றேன்னு சொன்னாங்க. நாந்தான் பயந்துக்கிட்டுப் போவல. அவங்க ரூமப் பூட்டாதீங்க."

என் வீட்டுக்காரர் உதவிக்கு என்னைப் பார்த்தார். ரைட்டருக்கு உதவி செய்வதா, செல்விக்கா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

"எனக்கும் இருமல் இல்லீங்க" என்றேன்.

அவர் மேஜைப் பக்கம் வந்தார். "அப்ப அந்த சிரப்பு?"

"ரோஜாச் செடிக்கு ஊத்திட்டேனுங்க."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. களமே சிரித்தது. ஆய்வாளர் முகக்கவசத்துக்குள் சிரித்தார். நானும் சிரித்தேன், உட்கார்ந்த இடத்திலேயே, ஃபைல் எதையும் தூக்காமல்.

அன்று வீட்டில் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றார். "ஏம்புள்ள, வலிக்குமா?" என்றார். இல்லை என்றேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். என்ன வார்த்தையில் சொல்வது என்று திருப்பிக் கேட்டேன். இருவரும் காபி குடித்தோம். ஒரு மாதத்துக்குள் பறிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பெண்களுக்குத் தகரக் கதவு போட்ட கக்கூஸ் இரண்டு வந்தன. முழு மூட்டையை அரை மூட்டையாக்கினார். காரணம் கேட்ட மேனேஜரிடம் சாக்கு கிழிகிறது என்று சொல்லிச் சமாளித்தாராம். அவருக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

ஆய்வாளர் எதையும் எழுதி அனுப்பவில்லை. அடுத்த வாரம் அவர் மனைவி ஏற்காடு பார்க்க வந்தார். ஏரியைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நேராக மாடிப்படி ஏறியதை நான் பார்த்தேன்.

செல்விக்குச் சேலத்தில் ஆபரேஷன் ஆனது. இருமலக்கா வாக்குக் கொடுத்தபடி கூடவே இருந்தார். வார்டில் செல்வியைப் பார்க்க வந்த ஒவ்வொரு டாக்டரையும், "தொடறதுக்கு மின்ன அவங்களக் கேளுங்க" என்று மறித்ததில், இரண்டாம் நாள் அவரையே வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து, வாட்ச்மேனுக்கு இடுப்பெலும்பு பாடம் நடத்தியிருக்கிறார். செல்வி இப்போது எஸ்டேட் நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் விடுகிறாள். மூட்டை தூக்குவதில்லை.

போன மாதம் என் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு இருமலக்கா சொன்னார்: "உங்களுக்குச் சரியாப்போச்சுங்க. இனி நீங்க வர வேண்டியதில்ல."

அடுத்த வாரமும் படியேறினேன். அவர் தனியாக உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, மறுபடியும் ஏதாச்சும் தொந்தரவுங்களா?" என்று பதறி எழுந்தார்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. சும்மாதான் வந்தேன்" என்றேன். அவர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.