மாமனார் பார்த்த முப்பரிமாணக் கடல்

ஒன்றுமே தெரியாதவனோடு நிம்மதியாகக் காலம் தள்ளலாம். எல்லாம் தெரிந்தவனோடு கஷ்டப்பட்டாவது தள்ளலாம். பாதி தெரிந்துகொண்டு, மீதியைத் தானே யோசித்து நிரப்பிக்கொள்கிறவன் இருக்கிறானே, அவன் கையில் ஒரு கம்ப்யூட்டரையும் கொடுத்துவிட்டால் ஊர் தாங்காது. எங்கள் இரணியலில் அந்தப் பதவியை நான் பல வருடம் தனியாளாக வகித்திருக்கிறேன்.

ரயில் நிலையம் போகிற ரோட்டில் எனக்கொரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. பழைய கல்யாண கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றித் தருவதுதான் பிழைப்பு. நான் ரைட் பண்ணிய டிஸ்க்குகளில் பாதி என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். வாடிக்கையாளர் வீட்டு பிளேயரில் போட்டால், தாலி கட்டுகிற நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றுவிடும். “பிளேயரைத் தொடச்சிட்டுப் போட்டுப் பாருங்க” என்று தைரியமாகச் சொல்லி அனுப்புவேன். கெட்டுப்போன டிஸ்க்குகளை அம்மா நூலில் கோத்துப் பப்பாளி மரத்தில் தொங்கவிட்டிருந்தாள். அந்த மினுக்கத்துக்குப் பயந்து எங்கள் பப்பாளிப் பழத்தைக் காக்கை தொட்டதே கிடையாது. (என் தொழிலால் நேரடியாகப் பலன் பெற்றது அந்த மரம் ஒன்றுதான்.)

அந்தச் சமயத்தில் ஷார்ஜாவிலிருந்து வந்த அண்ணன் ஒரு த்ரீடி டிவி கொண்டுவந்தான். கூடவே நான்கு கறுப்புக் கண்ணாடிகள். எனக்கென்று தனியாக, இரண்டு லென்ஸ் வைத்த ஒரு கேமரா. அண்ணன் திரும்பிப் போனதும் டிவிக்கு அம்மா ஒரு நைலான் சேலையைப் போர்த்திவிட்டாள். அதை விலக்கும் உரிமை எனக்கு மட்டும்தான்.

டிவி வந்த கையோடு சம்பந்தமும் வந்தது. தேங்காய்ப்பட்டணத்து மரியதாசன் என்பவரின் ஒரே மகள் ஷீபா. நாகர்கோவிலில் நர்ஸ் வேலை. அவளை ஒரு திருவிழாவில் பார்த்திருந்தேன். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிய, அதைப் பற்றிக் கவலையே படாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். (என் தரப்பு முடிவுகள் எல்லாமே அவ்வளவு வேகமானவை.)

சிக்கல் அப்பாக்காரரிடம் இருந்தது. மரியதாசன் நாற்பது வருடம் கடலில் போனவர், சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். “மாப்பிளைக்க வேலை என்ன?” என்று கேட்டிருக்கிறார். சொன்னார்கள். “அது செரி, வேலை என்ன?” என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். இந்த ஒற்றைக் கேள்வியில் எனக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. கடைசியில், வீட்டையும் பையனையும் ஒருதடவை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஒத்துக்கொண்டார். பெண்ணும் கூடவே வருவதாகச் சேதி வந்தது. வாழப்போகிறவள் நான், வீட்டை நான் பார்க்க வேண்டாமா என்று கேட்டாளாம்.

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. கடல்காரரைக் கடலைக் கொண்டுதான் மடக்க வேண்டும். அவருடைய வள்ளத்தையே த்ரீடியில் எடுத்து, என் வீட்டு ஹாலில் ஓட்டிக் காட்டினால் என் வேலை என்ன என்று எப்படிக் கேட்பார்?

ஒரு நண்பனின் வள்ளத்தில் ஏறிப் போய், மீன் பிடித்துவிட்டு முகத்துவாரத்துக்குள் நுழையும் மரியதாசனின் வள்ளத்தை எதிரிலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்றால், ஒரு கையால் கேமராவையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு எடுத்தேன். காலையில் சாப்பிட்ட புட்டும் பயறும் முகத்துவாரத்து மீன்களுக்குப் போய்ச் சேர்ந்தன. “ஏலே மக்கா, கேமராவக் கீழ வையி” என்று நண்பன் கத்தினான். கலைஞன் கேட்பானா?

அதன் பிறகு கம்ப்யூட்டர் வேலை. கேமரா இரண்டு படம் தரும். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. அவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிஸ்க்கில் ஏற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் யோசித்தேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் அவருடைய வலது நமக்கு இடது. டிவியும் நமக்கு எதிரேதானே நிற்கிறது? ஆகவே படங்களை இடம் மாற்ற வேண்டும். மாற்றினேன். கேமராவைக் கண்டுபிடித்த ஜப்பான்காரனுக்கு இது தோன்றாமல் போனதை நினைத்து அவன்மேல் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

போட்டுப் பார்த்தபோது நெற்றிப்பொட்டு வலித்தது, தலை சுற்றியது. த்ரீடி என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று புல்லரித்துப்போனேன்.

சொன்ன நாளில் மரியதாசனும், அவருடைய அக்காவும், ஷீபாவும் வந்தார்கள். அம்மா முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் வைத்தாள். மரியதாசன் நன்றாகச் சாப்பிட்டார். (இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.) பிறகு நான் தாம்பாளத்தில் நான்கு கண்ணாடிகளை வைத்து, பூ கொடுப்பதுபோல ஒவ்வொருவருக்கும் நீட்டி, டிவிமேல் கிடந்த சேலையை விலக்கி, டிஸ்க்கைப் போட்டேன்.

ஷீபா கண்ணாடியை வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டாள். தலைகீழாக. கம்பிகள் காதுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றன. மூக்கில் நிற்காமல் நழுவியதை ஒரு விரலால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“நல்லா இருக்கே! தண்ணி வீட்டுக்குள்ள வாறது மாதிரி இருக்கு” என்றாள்.

எனக்குள் இருந்த வாத்தியார் துள்ளி எழுந்தார். “கண்ணாடியத் தலைகீழாப் போட்டிருக்கீங்க. திருப்பிப் போட்டாத்தான் உண்மையான எஃபெக்ட் தெரியும்” என்றேன், மிகவும் பெருந்தன்மையான குரலில்.

திருப்பிப் போட்டாள். முகம் சுருங்கியது. “இப்பொ என்னமோ மாதிரி இருக்கே.”

“முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிரும்.”

மரியதாசன் சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். திரையில் அவருடைய வள்ளம் அலையில் ஏறி இறங்கி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“தம்பி, வள்ளத்துக்க முன்பக்கம் உள்ள சளுங்கிப்போயி இருக்கே?” என்றார்.

“அதுதான் மாமா த்ரீடி.”

“என்னப்பா சொல்லுத? குழிஞ்சில்லா இருக்கு! எவன் கொண்டு இடிச்சான்?”

“கண்ண எடுக்காமப் பாருங்க மாமா, பழகிரும்.”

அவருடைய நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பக்கத்தில் அவருடைய அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டத் தொடங்கியிருந்தார். கண்ணாடியைக் கழற்றியிருந்தால் மரியதாசன் தப்பித்திருப்பார். ஆனால் மகளைக் கேட்டு வந்தவன் வீட்டில், தன் கடலைப் பார்த்துத் தானே பயந்து கண்ணாடியைக் கழற்றுவதா? கௌரவம் விடவில்லை.

“தம்பி, கொஞ்சம் நிறுத்து” என்றார்.

“இனிமேத்தான் மாமா நல்ல சீன் வருது.”

“ஏலே, நிறுத்துலே!”

தம்பி ஏலே ஆன அந்த நொடியிலாவது நான் விழித்திருக்க வேண்டும். ரிமோட்டைத் தேடினேன், சோபா இடுக்கில் விழுந்திருந்தது. அதற்குள் பெரிய அலை வந்துவிட்டது. திரையிலும் வந்தது, மாமாவுக்கும் வந்தது. கண்ணாடி கொண்டுவந்த தாம்பாளத்தைச் சரியான சமயத்தில் ஷீபா எடுத்து நீட்டினாள். நர்ஸ் அல்லவா. முந்திரிக்கொத்து முழுவதும் திரும்பி வந்தது.

ஹாலில் அலைச்சத்தம் மட்டும் கேட்டது. (ஸ்பீக்கர் மட்டும் அருமையாக வேலை செய்தது.)

அம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மரியதாசன் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நாப்பது வருஷம்லே. எந்தக் காத்துலயும் நான் சர்த்திச்சதில்ல. ஒனக்க சோபாவுல இருந்து சர்த்திச்சேன். இது துறையில மத்த வள்ளக்காரனுவளுக்குத் தெரிஞ்சா நான் எப்பிடிலே தலைநிமிந்து நடப்பேன்?” என்றார். கோபத்தைவிட அவமானம்தான் அந்தக் குரலில் இருந்தது. என் கல்யாணம் அந்தத் தாம்பாளத்தோடு கொல்லைக்குப் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது.

அப்போது ஷீபா ஒரு கண்ணாடியை எடுத்தாள். முதலில் போட்டிருந்தது போலவே, தலைகீழாக. கொஞ்ச நேரம் பார்த்தாள். நேராக்கிப் பார்த்தாள். மறுபடி தலைகீழாக்கினாள்.

“அப்பா, நம்ம வள்ளத்துக்கு ஒண்ணும் ஆகல்ல. இத இப்பிடிப் போட்டுப் பாருங்க.”

“எனக்கு வேண்டாம் மோளே.”

“வள்ளம் குழிஞ்சிருக்குன்னு சொன்னியளே. வந்து பாருங்க.”

வள்ளம் என்றதும் அவரால் இருக்க முடியவில்லை. தலைகீழாக மாட்டி, விரலால் தாங்கிக்கொண்டு பார்த்தார். வாய் திறந்தது. “ஏலே! எனக்க வள்ளம்லே! கயிறப் பிடி, கயிறப் பிடி!” என்று காற்றில் கையை நீட்டினார். அக்காவும் ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்து மாட்டினார். அம்மாவும் மாட்டினாள். மொத்தக் குடும்பமும் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, என் படத்தை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தது. நான் இடம் மாற்றி வைத்த இரண்டு படங்களும், கண்ணாடி கவிழ்ந்ததும் அந்தந்தக் கண்ணுக்குத் திரும்பிப் போய்விட்டன. யாரும் என்னைக் கேட்காததால் இதை நான் அவர்களுக்கு விளக்கவில்லை. வாழ்க்கையில் நான் விளக்காமல் விட்ட முதல் விஷயம் அதுதான்.

மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, “விவரம் சொல்லி விடுதோம்” என்று எழுந்தார்கள். நம் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் இல்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஆனால் மறுவாரம் சம்மதம் என்று சேதி வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. காரணம் கல்யாணம் முடிந்த பிறகுதான் ஷீபா சொல்லித் தெரிந்தது. வீட்டுக்குப் போன மாமனார் இரண்டு நாள் யோசித்தாராம். “இவன வெளிய விட்டா ஊர் முழுக்கச் சொல்லிருவான். மருமோனா வச்சிருந்தா மரியாதைக்காவது வாய மூடிட்டு இருப்பான்” என்றாராம். நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. (இப்போது எழுதுகிறேனே என்றால், எழுதுவது வேறு.) அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அவருடைய அக்கா, படம் பார்த்த அன்று சாயங்காலமே பஸ் இறங்கிய இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்.

“நீ ஏன் சம்மதிச்ச?” என்று ஷீபாவிடம் கேட்டேன்.

“தலைகீழாப் பாத்தா நீங்க சரியாத்தான் இருந்திய” என்றாள்.

த்ரீடி டிவியின் காலம் வந்த வேகத்தில் போய்விட்டது. அந்த டிஸ்க்கும் ஒரு நாள் பப்பாளி மரத்துக்குப் போனது. கண்ணாடிகள் மட்டும் எப்படியோ தங்கிவிட்டன. போன வாரம் புது வைஃபை பெட்டியை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றி ஹாலில் நின்று விரிவாக விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் திரும்பிப் பார்த்தால், சோபாவில் மாமனார், என் மனைவி, என் மகள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி, தலைகீழாக.

“நீங்க சொல்லுங்க மருமோனே” என்றார் மாமனார். “இப்பொ வெளங்குது.”