விசாரணை நைனாவும் பதில் சொல்லும் போனும்

எமதர்மராஜனே எருமையைக் கட்டிவிட்டு வந்து ரூம் கேட்டாலும், "எந்த ஊரு? எருமைக்குத் தண்ணி காட்டினியா? ஊட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டு முடித்த பிறகுதான் எங்கள் விசாரணை நைனா சாவியை எடுப்பார். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். திருத்தணியில் வேறு யாரைக் கேட்டாலும் இதைவிடக் கூடுதலாகத்தான் சொல்வார்கள்.

மலையடிவாரத்தில் யாத்திரிகர்கள் தங்கும் சின்ன லாட்ஜ் ஒன்றை அவர் நடத்துகிறார். எதிர்வரிசையில் ஜெராக்ஸும் ஆன்லைன் சேவையும் என் பிழைப்பு. அவருடைய நிஜப் பெயரை ஒருமுறை ஆதார் அட்டையை நகலெடுக்கும்போது பார்த்தேன், மறுநாளே மறந்துவிட்டது. ஆந்திரா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் இங்கே நிறைய. ஊரே அவரை நைனா என்றது, விசாரணை தானாக முன்னால் ஒட்டிக்கொண்டது.

மற்ற லாட்ஜுகளில் பெயர், ஊர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நைனாவுக்கு அது ஆரம்பம்தான். என்ன வேண்டுதல், யாருக்கு உடம்பு சரியில்லை, மருமகள் ஏன் வரவில்லை, வரும் வழியில் என்ன சாப்பிட்டீர்கள், அது செரித்ததா, எல்லாம் தெரிந்தாக வேண்டும். ஒரு தடவை அரசாங்க அதிகாரி ஒருவர் மிடுக்காக வந்து நின்றார். நைனா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டையில பட்டன் வேற நூல்ல தெச்சிக்கீதே, நீயே தெச்சியா? சம்சாரம் ஊர்ல இல்லியா?" என்று கேட்டார். அதிகாரி வந்த வழியே போய் வேறு லாட்ஜில் தங்கினார்.

எல்லாவற்றிலும் பெரியது மாமன் விவகாரம். குழந்தைக்கு முதல் மொட்டை அடிக்க ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே மொட்டை அடிப்பது வழக்கம்? நைனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"மாமன் எங்க?"

"வரலைங்க."

"ஏன் வரல?"

"வேலைங்க."

"மருமவன் மொட்டைய விட இன்னா பெரிய வேல? நம்பரைக் குடு."

சண்டை போட்டுக்கொண்டு மாமனுக்குச் சொல்லாமலே வந்திருந்தார்கள். நைனா தன் வரவேற்பு மேஜையிலிருந்தே அரக்கோணத்துக்குப் போன் போட்டு, அரைமணி நேரம் மாமனை விசாரித்தார். மத்தியான ரயிலில் மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து இறங்கினான். மொட்டை அவன் மடியிலேயே நடந்தது, அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு குழந்தையின் அப்பா போனில் வரைபடத்தைத் திறந்து லாட்ஜுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'ஓனர் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறார்' என்று எழுதிவிட்டார்.

இப்படிச் சேர்ந்த ஒற்றை நட்சத்திரங்களால் வானமே நிறைந்துவிட்டது. கூட்டம் குறைந்தது. முன்பெல்லாம் ரயிலிலிருந்து இறங்கி நாலு பேரை விசாரித்து லாட்ஜ் தேடுவார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் இருக்கும் ஏ.ஐ.யைக் கேட்கிறார்கள். அது பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெரிய லாட்ஜுகளைச் சொல்கிறது, நைனாவைச் சொல்வதில்லை.

இந்த நிலையில்தான் சித்திரை மாதம் அவருடைய மச்சினர் பள்ளிப்பட்டிலிருந்து வந்தார். நைனாவின் மனைவி இறந்த பிறகு லாட்ஜ் கட்டடத்தில் பாதி அந்த அம்மாளின் தம்பியான இவருக்கு. விசைத்தறி வைத்திருக்கிறார், கெட்ட மனிதர் அல்ல.

"பாவா, ஆடிக் கிருத்திகைக்கு ரூம் ரொம்பலன்னா செல்போன் ஷோரூம்காரனுக்குக் குடுத்துடலாம். கேட்டுகினே கீறான். நீ எங்க ஊட்டுக்கு வந்துடு. உனக்கு இன்னா கொறச்சல் வெக்கப்போறோம்?"

அவர் போனதும் நைனா என் கடைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "சோறு போடுவாங்கமா, அதெல்லாம் கொறையே இல்ல. ஆனா அங்க தறி ஓடற சத்தத்துல நான் கேக்கறது யாருக்குமா கேக்கும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்டாட்டி போன பிறகு அந்த மேஜையும், அதன் முன்னால் வந்து நிற்கிற முன்பின் தெரியாத ஜனங்களும்தான் அவருடைய குடும்பம் என்பது எனக்குத் தெரியும்.

ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள் நான். இந்த ஏ.ஐ.யிடமும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் அதற்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டுமே. லாட்ஜின் பலகையில் இருக்கும் பெயரைச் சொல்லி, கமலாம்மாள் யாத்திரிகர் இல்லம் எப்படி என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்றது. அதன்மேல் குற்றமில்லை. அது நைனாவின் மாமியார் பெயர். நம் ஜனங்கள் எழுதியதெல்லாம் விசாரணை லாட்ஜ் என்ற பெயரில். தெலுங்குக்காரர்கள் எழுதியது நைனா லாட்ஜ் என்ற பெயரில். ஒரே கட்டடம் மூன்று லாட்ஜாக நின்றுகொண்டிருந்தது. விசாரணை லாட்ஜ் என்று கேட்டதும் மளமளவென்று பதில் வந்தது: அறைகள் சுத்தம், வெந்நீர் உண்டு, ஆனால் உரிமையாளர் அளவுக்கு மீறிக் கேள்வி கேட்பதாகப் பலர் குறை சொல்கிறார்கள்.

நைனா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏம்பா, நீ எந்த ஊரு?"

நான் ஒரு கணினி நிரல், எனக்கு ஊர் கிடையாது என்றது அது.

"திருத்தணிக்கு வந்துக்கிறியா?"

இல்லை.

"படி ஏறிக்கிறியா? என் ரூமுல தங்கிக்கிறியா?"

இல்லை, பிறர் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

"ஆங், உண்ம பேசுது" என்று தலையாட்டினார். அதோடு விட்டாரா? பெற்றவர்கள் யார், ராத்திரி பகல் வேலை செய்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும், யாராவது சாப்பாடு போடுகிறார்களா என்று அதையும் உலுக்கி எடுத்துவிட்டார். அது சளைக்காமல் பதில் சொல்லி, கடைசியில் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று கேட்டது. நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு கஸ்தூரி, அதுகூடக் கேக்குது. நான் கேட்டா மட்டும் தப்பா?"

தப்போ சரியோ, வேலையை ஆரம்பித்தேன். மூன்று பெயரையும் ஒன்றாக்கி எல்லா இடத்திலும் கமலாம்மாள் இல்லம் என்று மாற்றினேன். முழங்கால் வலிக்காரர்களுக்குத் தரைத்தளத்து அறை, மொட்டை அடித்த குழந்தைகளுக்கு வெந்நீர், காவடியை இறக்கி வைக்க முன்கூடம் என்று இருப்பதை மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிப் படத்தோடு போட்டேன். மலை தெரியும் ஜன்னல் என்று ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். "எந்த ஜன்னல்ல தெரியுது? எட்டிப் பாத்தியா? கழுத்து நோவாதா?" என்றார். அந்த வரியை அழித்தேன்.

மிச்சமிருந்தது அவர் வாய். "நைனா, ஆடி முடியிற வரிக்கும் யாரையும் ஒன்னும் கேக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். லாட்ஜ் போய்விடுமே என்ற பயத்தில் அவரும் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு யார் வந்து நின்றாலும், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கேள்வியெல்லாம் கண் வழியாகப் பிதுங்க, சாவியை நீட்டுவார். பார்த்தவர்கள் பக்கவாதம் என்று நினைத்தார்கள். நெல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் அவருக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டு விபூதி கொண்டுவந்து பூசிவிட்டாள். வாடிக்கையாக வருபவர்களோ, "நைனாவுக்கு எங்கமேல இன்னா கோவம்?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். மனிதர் இளைத்துப் போனார்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம். வெயிலில் தெருவே காலியாகக் கிடந்தது. நைனா என் கடைக்குள் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப ஒருத்தன் வந்தான். நடு வயசு. கையில பை இல்ல, வேண்டுதலுக்கு வந்தவன் மாதிரியும் இல்ல. தனி ரூம் கேட்டான். நான் ஒன்னும் கேக்காம சாவிய குடுத்துட்டேன்."

"சரி நைனா, அதுக்கென்ன?"

"அன்னிக்கும் இப்டித்தாமா வந்தான்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. லாட்ஜுக்கு அவர் புதிதாகப் பொறுப்பேற்ற சமயம். அப்போதெல்லாம் யாரையும் எதுவும் கேட்க மாட்டாராம், மாமனார் வீட்டு லாட்ஜ் என்று கூச்சமாம். அப்படித்தான் ஒருவன் கையில் பையில்லாமல் வந்து அறை எடுத்தான். மறுநாள் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். அவன் உயிரோடு இல்லை.

"சாப்டியான்னு ஒரு வார்த்த நான் கேக்கலம்மா. கேட்டிருந்தா ஒக்காந்து அழுதிருப்பான். அழுதுட்டு ஊட்டுக்குப் போயிருப்பான்."

நைனா எழுந்தார். "லாட்ஜ் போனா போவட்டும்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். திறந்ததும் நைனா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவனையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டார். பிறகு "தின்னாவா?" என்று தெலுங்கில் கேட்டார். அவன் முகம் கோணியது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சின்னது பேசுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கேள்விகளை நான் அதுவரை நூறு தடவை காதில் வாங்கியிருப்பேன், தலையில் அடித்துக்கொண்டும் இருப்பேன். அன்று வாசலில் நின்று ஒவ்வொரு கேள்விக்கும் அவன் பதில் சொல்ல வேண்டுமே என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் நைனாவின் தோளில் சாய்ந்து அழுதான். அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவன் கதை. நைனா போன் போட்டதில், பொழுது சாய்வதற்குள் சித்தூர்ப் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டியும் அண்ணனும் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். புறப்படும் முன் அந்த அண்ணனையும் நைனா நிற்க வைத்து விசாரித்தார்.

அன்றோடு மௌன விரதம் முடிந்தது. தடுக்க எனக்கு மனமும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துக் கமலாம்மாள் இல்லம் என்ற பெயரின் கீழே தெலுங்கில் ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் பெயர் தெரியவில்லை. 'இங்கே பெரியவர் கேள்வி கேட்பார். மறைக்காமல் பதில் சொல்லுங்கள். நான் சொன்னேன். இப்போது என் பிள்ளைகளோடு இருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. நான் படித்துக் காட்டியபோது நைனா, "சின்னது பேசுதா இல்லியான்னு எழுதலியா?" என்று கேட்டார்.

அதன் கீழே வேறு சிலரும் எழுதத் தொடங்கினார்கள். அப்பாவைத் தனியாக அனுப்பிய மகள் ஒருத்தி, எந்த வேளைக்கு என்ன மாத்திரை என்று நைனா தனக்கே போன் செய்து கேட்டார் என்று எழுதினாள். அரக்கோணத்து மாமனும் ஐந்து நட்சத்திரம் போட்டு, அக்கா இப்போது தன்னோடு பேசுவதாக எழுதினான்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் மச்சினர் வந்தபோது வாசலில் காவடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. முன்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மேஜையில் நைனா ஒரு கிழவரைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மச்சினர் நம்பாமல் என் கடைக்கு வந்து, தன் போனை எடுத்து, வயசானவர் தனியாகத் திருத்தணி போனால் எங்கே தங்கலாம் என்று தெலுங்கில் கேட்டார். அது கமலாம்மாள் இல்லத்தைத்தான் முதலில் சொன்னது. உரிமையாளர் நிறையக் கேள்வி கேட்பார், தனியாக வருகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள் என்றது.

தன் அம்மாவின் பெயரை அந்த இயந்திரத்தின் வாயால் கேட்டதும் மச்சினர் அதே கேள்வியை இன்னொரு தடவை போட்டார். பிறகு திரும்பப் போய் நைனாவின் காதருகே குனிந்தார். "கட்டடம் இருக்கட்டும் பாவா. நீ கேட்டுகினே இரு."

"அத்த அப்புறம் பேசலாம். தறிய யாருகிட்ட உட்டுட்டு வந்த?" என்றார் நைனா.

எனக்கு இதே ஊரில் சொந்த வீடு இருக்கிறது. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், ஆளுக்கொரு போனும் இருக்கிறது. ஆனாலும் தினமும் கடையைப் பூட்டிய பிறகு, தெருவைக் கடந்து அந்த மேஜை முன்னால் போய் நிற்கிறேன். "இன்னாமா மொகம் வாடிக்கீது? மத்தியானம் சாப்டியா?" என்று அந்த மனுஷன் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வருகிறது.